ஆசிரியராவதற்கு எந்த வழி?

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், தமிழ் வீடுகளிலே மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவது வழக்கம். "என்ன பாஸ்?" என்பது முதலாவது. "கம்பஸ் கிடைக்குமோ?" என்பது இரண்டாவது. அதற்கு மறுமொழி ஐயமாக இருப்பின், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் மூன்றாவது கேள்வியை ஆறுதலாகக் கேட்பார்: "கொலிஜ் ஒவ் எடியுகேசனுக்குப் போட்டால் என்ன?"

கேள்விகள் எழும் இந்த ஒழுங்கிலேயே ஒரு குறை மறைந்திருக்கிறது. வைத்தியராக விரும்பும் பிள்ளையிடம், எத்துறை வைத்தியராக விரும்புகிறாய் என்று கேட்பவர் உளர். ஆசிரியராகப் போகின்ற பிள்ளையிடம், எந்தப் பாடத்தை, எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறாய் என்று கேட்பவர் அரியர். நியமனக் கடிதம் எவ்வழியில் விரைவாக வரும் என்பதே பேச்சாக இருக்கும். கடிதம் ஒரு நாளில் வந்து சேர்ந்துவிடும். அதன்பின் அந்தப் பிள்ளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பாடத்தைக் கையிலேந்தி வகுப்பறையில் நிற்கவேண்டியிருக்கிறது. அவருக்கு முன்னால் ஆண்டுதோறும் நூறு, இருநூறு பிள்ளைகள் வந்தமர்ந்து எழுந்து செல்வர். ஆகவே, எக்கல்லூரி என்ற கேள்விக்கு முன்னதாக எவ்வகுப்பு, எப்பாடம் என்ற கேள்வி தீரவேண்டும்.

இலங்கையில் இடைநிலைக் கல்வி தரம் 6இல் தொடங்குகிறது. தரம் 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை என்றும், 10, 11 ஆகிய தரங்கள் சிரேஷ்ட இடைநிலை என்றும் வழங்கும். அதன் முடிவில் சாதாரண தரப் பரீட்சை. தரம் 12, 13 உயர்தர வகுப்புகள். இவையனைத்தும் இடைநிலை என்ற ஒரே பெயருக்குள் அடங்கினும், இவற்றிற் கற்பிப்பது ஒரே தொழில் என்று கொள்ளலாகாது. தரம் 6க்கு வரும் பிள்ளைக்கு வயது பதினொன்று. அதுவரை ஒரு வகுப்பாசிரியரின் நிழலில் இருந்த பிள்ளை, திடீரென ஏழெட்டு ஆசிரியர்கள் மணிக்கொருவராக மாறி மாறி வருவதைக் கண்டு மலைத்து நிற்கிறது. அங்கே வேண்டப்படுவது பின்னக் கணக்கொன்றை நான்கு வகையாக விளக்கும் ஆற்றல். மூன்றாம் வகையில் விளங்காத பிள்ளைக்கு நான்காம் வகை இருக்கவேண்டும். தரம் 12இல் இருப்பவனோ ஆசிரியரின் குறிப்புப் புத்தகத்துக்கு அப்பால் ஒரு கேள்வி கேட்பான். அவனுக்கு விடை சொல்ல, கற்பிக்கும் முறை மட்டும் போதாது. பாடமே ஆசிரியரிடத்தில் ஆழமாக ஊறியிருக்கவேண்டும்.

பாடசாலைகளும் ஒரே தரத்தவையல்ல. உயர்தரத்திலே விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி வகை. கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி வகை. தரம் 11 உடன் நின்றுவிடுபவை இரண்டாம் வகை. கிராமப்புறத்து இரண்டாம் வகைப் பாடசாலையில் வரலாற்றுக்கென நியமனம் பெற்றவர், நேரசூசி வந்ததும் புவியியலும் குடியியலும் தம் பெயரின்கீழ் எழுதப்பட்டிருக்கக் காண்பார். நகரத்துப் பெரிய கல்லூரியில் அதே தகைமையுடையவர் ஒரு பாடத்தையே ஐந்து வகுப்புகளுக்குக் கற்பிப்பார். தாம் எவ்வகைப் பாடசாலையிற் பணிபுரியக்கூடும் என்பதை முன்னரே ஓரளவு எண்ணிப் பார்த்தவருக்கு வழியைத் தெரிவதும் எளிதாகும்.

இனி வழிகளைக் காண்போர், அவற்றுள் முதன்மையானவை இரண்டு என்று கொள்ளலாம். ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி, மற்றொன்று பல்கலைக்கழகம்.

தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. அதற்கு முன்னர், பயிற்சியின்றியே நியமனம் பெற்றுச் சில காலம் கற்பித்தவர்களே பெரும்பாலும் ஆசிரியர் கலாசாலைக்குச் சென்று பயிற்சி பெற்றனர். முதலில் பயிற்சி, பின்னர் நியமனம் என்று அந்த ஒழுங்கைத் திருப்பி வைத்ததே இக்கல்லூரிகளின் சிறப்பு. தமிழ் மொழிமூலம் பயில விரும்புவோருக்கு யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களிலும், மலையகத்திலே கொட்டகலையை அடுத்த பத்தனையிலும், தெற்கிலே தர்கா நகரிலும் கல்லூரிகள் உண்டு. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்லூரி, தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் குறையை நீக்கும் நோக்குடன் ஜேர்மன் நாட்டு உதவி பெற்று எழுந்தது. பாடநெறி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்கவேண்டும். மூன்றாம் ஆண்டு, பாடசாலையொன்றிற் கட்டுறு பயில்வு. முடிவிற் கிடைப்பது தேசிய கற்பித்தல் டிப்ளோமா.

இக்கல்லூரிகள் தருவனவற்றுள் மிக விலையுயர்ந்தது எதுவெனில், பயிலுநர் கற்பிப்பதை இன்னொருவர் அமர்ந்து பார்ப்பது. வெளியில் இருப்போர் இதன் அருமையை அறியார். வகுப்பின் பின்வரிசையில் விரிவுரையாளர் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். பாடம் முடிந்தபின், "கரும்பலகைக்கு முகங்காட்டி நின்று ஆறு நிமிடம் பேசினீர்; அந்நேரத்தில் மூன்றாம் வரிசையில் ஒருவரும் எழுதவில்லை" என்பார். "பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கிறீர், பெயர் சொல்லப்படாத மற்றைய முப்பது பேரும் அக்கணமே சிந்திப்பதை விட்டுவிடுகின்றனர். கேள்வியை முதலிற் கேட்டு, சற்றுப் பொறுத்து, அதன்பின் பெயரைச் சொல்லும்" என்பார். இத்தகைய சிறு திருத்தங்கள் நூலிலும் உண்டு. ஆயினும் நூலிற் படித்து எவரும் திருந்துவதில்லை. தமது குரலும் கையும் பிறர் கண்ணில் எவ்வாறு தோன்றுகின்றன என்று இருபது வயதிலே ஒருவர் சொல்லக் கேட்டவர், நாற்பது வயதிலும் அதனை மறப்பதில்லை.

குறையும் உண்டு, அதனை மறைத்தற்கில்லை. அந்த இரண்டாண்டுகளுக்குள் கல்வி உளவியல், கல்வித் தத்துவம், அளவீடும் மதிப்பீடும், பொதுப் பாடங்கள், இணைபாடச் செயற்பாடுகள் எல்லாம் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சிய நேரமே சிறப்புப் பாடத்துக்கு. கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ தரம் 11 வரை கற்பிப்பதற்கு அது போதும் என்ற கணிப்பிலேயே பாடநெறி அமைந்திருக்கிறது. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்பிக்க விரும்பும் ஒருவருக்கு அது தொடக்கம் மட்டுமே. இக்கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாக உயர்த்தும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. பேச்சை நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பதைவிட, சேரும் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பதே நன்று.

பல்கலைக்கழக வழி இதற்கு நேர்மாறானது. பொதுப் பட்டம் மூன்றாண்டு; சிறப்புப் பட்டம் நான்காண்டு. அங்கே மாணவர் ஒரு துறைக்குள் இறங்குகின்றார். புவியியல் பயில்பவர் படவரைகலையுடனும் வெளிக்களப் பயணங்களுடனும் பழகுகிறார். தமிழ் பயில்பவர் சங்கம் முதல் ஈழத்துப் புனைகதை வரை நூல்களை நூல்களாகவே வாசிக்கிறார். வினாவிடைத் தொகுப்பிலே நூலைக் கண்டவருக்கும், நூலிலேயே நூலைக் கண்டவருக்கும் வகுப்பறையில் உள்ள வேறுபாட்டை மாணவர் ஒரு தவணைக்குள் கண்டுபிடித்துவிடுவர். இலங்கையின் பாடத்திட்டம் 1999, 2007, 2015 ஆகிய ஆண்டுகளிலே பெருமளவு திருத்தப்பட்டது. பழைய பாடநூலை மட்டும் அறிந்தவர் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் திகைத்தார். பாடத்தை அறிந்தவர் புதிய நூலைப் புரட்டிப் பார்த்து, இன்னது வந்திருக்கிறது, இன்னது போயிருக்கிறது என்று கண்டுகொண்டு பணியைத் தொடர்ந்தார்.

ஆனால் அந்தப் பட்டதாரி நியமனம் பெற்ற மறுநாட் காலையிலே தரம் 9இன் வாசலில் நிற்கும்போது, அவருக்கு வகுப்பை எவ்வாறு தொடங்குவது என்று எவரும் கற்பித்திருப்பதில்லை. பல்கலைக்கழகத்திலே தமக்கு விரிவுரை நடந்தது போலவே பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் அவர் விரிவுரை செய்யத் தொடங்குகிறார். பிள்ளைகள் முதல் வாரம் வியப்புடன் கேட்பர். இரண்டாம் வாரம் பேசத் தொடங்குவர். மூன்றாம் வாரம் அதிபர் வராந்தாவில் வந்து நிற்பார். இக்குறையை நீக்குவதற்கென உள்ளதே பட்டப்பின் கல்வி டிப்ளோமா. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களும், திறந்த பல்கலைக்கழகமும், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் இதனை நடத்துகின்றன. முழுநேரமாயின் ஓராண்டு, பகுதிநேரமாயின் அதனினும் நீளும். பெரும்பாலோர் பணியில் இருந்துகொண்டு, வார இறுதி நாள்களிற் பேருந்தேறிச் சென்றே இதனைக் கற்கின்றனர். ஆகவே பயிற்சி கிடைக்கும்வரை இரண்டு மூன்று வருடத்துப் பிள்ளைகள் பயிற்சியற்ற கையிலேயே கற்றுவிட்டுப் போகின்றனர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

கல்வியியலையே பட்டப் பாடமாகக் கற்கும் வழியும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் கல்வியியல் இளமாணிப் பட்டத்தை வழங்குகிறது. பாடமும் முறையும் ஒருங்கே அமையும் இவ்வழி கொள்கையளவிற் சிறந்தது. ஆயின் இடங்கள் சிலவே. எனவே தமிழ் மாணவர் பெரும்பாலோருக்குத் தெரிவு முன்கூறிய இரண்டினுள்ளேயே அமைகிறது.

சங்கீதம், நடனம், சித்திரம் ஆகிய அழகியற் பாடங்களை நாடுவோர் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் பெயரால் விளங்கும் நுண்கலைப் பீடமும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் அவர்களுக்குரிய இயல்பான வாயில்கள். கலையைக் கையிற் பெறாமல் அதனைக் கற்பிக்கும் முறையை மட்டும் பெறுவது ஆகாத காரியம்.

பழைய மூன்றாம் வாயிலாகிய ஆசிரியர் கலாசாலை இன்றும் அடைபடவில்லை. கோப்பாயிலும் கொட்டகலையிலும் உள்ள கலாசாலைகள், ஏற்கெனவே பணியிலிருக்கும் பயிற்சியற்ற ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கின்றன. பள்ளியை விட்டு வந்த பிள்ளை நேரே தட்டும் கதவு இதுவன்று. எனினும் மலையகத்தார் இதனை நன்கறிவர். 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டி, தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் உயர்தரம் கற்ற இளைஞரும் யுவதிகளும் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு முதலிற் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. ஆசிரியருக்குரிய வேலை முழுவதையும் செய்துகொண்டு, ஆசிரியருக்குரிய பெயரும் சம்பளமும் இல்லாது, கலாசாலைப் பயிற்சி முடியும்வரை அவர்கள் காத்திருந்தனர். அவர்களால் திறந்திருந்த வகுப்பறைகள் பல. அந்தக் கணக்கு அவர்கள் சம்பளப் பட்டியலில் ஏறவில்லை.

வழிகளை இவ்வாறு அறிந்தபின், இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்து பார்ப்பது தெரிவைத் தெளிவாக்கும்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமமொன்றிலே ஒரு மாணவி. தந்தை கமக்காரர், கீழே இரண்டு தம்பியர். தமிழ், புவியியல், இந்து நாகரிகம் ஆகிய பாடங்களில் நல்ல சித்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் அவளுக்குத் தகைமை உண்டு. "கொலிஜுக்குப் போனால் மூன்று வருடத்திலே உத்தியோகம், பிள்ளை, கம்பஸ் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள் எத்தனை பேர்" என்கிறார் தாய். அச்சொல்லை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2017ஆம் ஆண்டிலே வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கிலே தெருவோரப் பந்தல்களில் அமர்ந்திருந்ததை அந்தத் தாய் கண்டிருக்கிறார். 2020இல் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியுடன் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகள், கற்பித்துக்கொண்டிருந்தும் ஆசிரியர் சேவைக்குள் வரமுடியாது நெடுநாள் அலைந்ததையும் கேட்டிருக்கிறார். கலைப் பட்டதாரிகளின் தொகை பெரிது, வெற்றிடங்கள் சிறிது, இடையே போட்டிப் பரீட்சையும் நேர்முகப் பரீட்சையும் நிற்கின்றன. இம்மாணவி தரம் 6 முதல் 11 வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவே உண்மையாக விரும்புகிறாளாயின், கல்வியியற் கல்லூரியே அவளுக்கு ஏற்றது. பட்டத்தைப் பின்னர் பெறலாம். விடுதியில் இரண்டாண்டு தங்குவதும், மாதந்தோறும் கிடைக்கும் சிறுபடியும், வீட்டுச் சுமையை ஓரளவு குறைக்கும்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே ஒரு மாணவன். உயர்தரத்திற் கணிதப் பிரிவு. பொறியியற் பீடத்துக்குரிய இசட் புள்ளி எட்டவில்லை. பௌதிக விஞ்ஞானத்துக்கு எட்டியிருக்கிறது. கல்வியியற் கல்லூரியிற் கணித பாடநெறிக்கும் அவனுக்குத் தகைமை உண்டு. இவனுக்கும் அதே அறிவுரை பொருந்துமா? பொருந்தாது. மலையகத்திலே தமிழ் மொழிமூலம் உயர்தரக் கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் சிலவே. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்க ஆள் கிடைக்காமையே அதற்குப் பெருங் காரணம். அவ்வகுப்புகளுக்கு ஆசிரியராகத்தக்க ஒருவன் கல்வியியற் கல்லூரியோடு நின்றுவிட்டால், தரம் 11க்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைப்பார். தரம் 12 பூட்டியே கிடக்கும். விஞ்ஞான, கணிதப் பட்டதாரிகளுக்கு ஆசிரியப் பணியில் வேண்டுதல் மிகுதி; கலைப் பட்டதாரியைப் போல் நெடுங்காலம் காத்திருக்க வேண்டிய அச்சமும் அவனுக்குக் குறைவு. ஆதலால் அவன் பல்கலைக்கழகம் செல்வதே தகும். செலவைப் பற்றிய கவலை உண்மையானது. மகாபொல, நிதியுதவி என்பவற்றை எண்ணியும் குடும்பம் தாங்காதெனில், கல்வியியற் கல்லூரிக்குச் செல்வதிற் குறையொன்றுமில்லை. ஆனால் கணிதத்தில் ஒரு பட்டத்தைப் பின்னர் பெறுவேன் என்ற உறுதியுடன் செல்லவேண்டும்.

"பின்னர் பெறுவேன்" என்ற அச்சொல்லைச் சற்று ஆராயவேண்டியிருக்கிறது. ஏனெனில் டிப்ளோமாவுடன் பணிக்கு வந்தோர் பலர் இவ்விடத்திலேயே வழி தவறுகின்றனர். பதவியுயர்வுக்கும் சம்பள உயர்வுக்கும் ஒரு பட்டம் பயன்படும் என்றறிந்து, எது எளிதோ அதனை வெளிவாரியாகக் கற்கின்றனர். கணித ஆசிரியர் அரசறிவியலிற் பட்டதாரியாவார். விஞ்ஞான ஆசிரியை இந்து நாகரிகத்திற் பட்டதாரியாவார். அறிவு எதுவாயினும் நல்லதே. ஆனால் அவர் கற்பிக்கும் பாடம் பத்தாண்டுக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சில வேளைகளில், புதிய பட்டத்தைக் காட்டி அப்பாடத்தை விட்டு நீங்கவும் செய்கின்றனர். பாடசாலை ஒரு கணித ஆசிரியரை இழக்கிறது. தாம் கற்பிக்கும் பாடத்திலேயே பட்டம் பெற வழியுண்டா என்று முதலில் தேடவேண்டும். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம், பணியிலுள்ளோர் தொலைக்கல்வி மூலம் கற்பதற்கெனவே அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. தேசிய கல்வி நிறுவகம், பயிற்றப்பட்ட ஆசிரியருக்கெனக் கல்வியியல் இளமாணிப் பாடநெறியை நடத்துகிறது. இவை எளியவையல்ல. ஐந்து நாள் கற்பித்துவிட்டு ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மாணவராக அமர்வது, சிறு பிள்ளைகளையுடைய பெண்களுக்குப் பெருந் துன்பம். வீட்டிலுள்ளோர் அடுப்படியிற் பங்கேற்காத இடத்தில், எத்தனையோ நல்ல ஆசிரியைகளின் பட்டம் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோயிருக்கிறது.

கல்லூரியைத் தெரியும்போது கேட்கவேண்டிய சில சிறு கேள்விகளும் உண்டு. விளம்பரங்களில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. அங்கே பயின்று வெளியேறியவரைக் கண்டுபிடித்துக் கேட்கவேண்டும். அப்பாடநெறி அக்கல்லூரியிலே தமிழ் மொழிமூலம் நடைபெறுகின்றதா? எல்லாப் பாடமும் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. அப்பாடத்துக்கு நிரந்தர விரிவுரையாளர் உள்ளாரா, அல்லது வேறிடத்திலிருந்து எப்போதாவது ஒருவர் வந்து போகின்றாரா? கற்பித்தற் பயிற்சிக்கு அனுப்பும் பாடசாலைகள் எவை? விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத பாடசாலையிலே விஞ்ஞானக் கட்டுறு பயில்வு நடப்பின், அந்த ஓராண்டின் பயன் பாதியாகிவிடும். பயிலுநரைக் கவனிக்க விரிவுரையாளர் எத்தனை முறை வருகின்றார்? இவ்விறுதிக் கேள்விக்கு விடை சொல்லும்போது பழைய மாணவரின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமற் கையொப்பமிடுவது மற்றொரு வழக்கம். கல்வியியற் கல்லூரியிற் சேர்பவர், பயிற்சி முடிந்தபின் குறித்த காலம் அரசாங்கப் பாடசாலையிலே பணிபுரிவதாக உடன்படுகின்றார். இடையில் விலகினாற் பணம் செலுத்தவும் நேரிடலாம். நியமனம் எங்கு கிடைப்பினும் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மன்னாருக்கோ, மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளை படுவான்கரைக்கோ அனுப்பப்படலாம். நியமனம் பெற்ற அன்றே இடமாற்றத்துக்கு ஆள் தேடும் பெற்றோர் உளர். அவர்கள் தேடுவது வெற்றி பெறுந்தோறும், படுவான்கரையில் ஒரு வகுப்பு ஆசிரியரின்றி நிற்கிறது. அந்த வகுப்பிலிருந்து அடுத்த ஆசிரியர் உருவாவதும் தடைப்படுகிறது. தூரத்துப் பாடசாலைக்குச் செல்ல மனமில்லையேல், அதனைக் கையொப்பமிடுவதற்கு முன்னரே வீட்டிற் பேசிவிடுவது நேர்மையாகும்.

பரீட்சை எழுதியதற்கும் கல்லூரிக்குட் காலடி வைப்பதற்கும் இடையே ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்துவிடுகின்றது. சில ஆண்டுகளிற் கல்வியியற் கல்லூரிகளின் அனுமதி இன்னும் பின்தங்கியது. இக்காலத்தை எவ்வாறு கழிப்பது? அயற் பாடசாலையின் அதிபரிடம் அனுமதி பெற்று, சில வாரம் தரம் 7இன் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது மிக நன்று. முப்பத்தைந்து பிள்ளைகளின் இரைச்சல் இனிக்கிறதா, தலையிடியைத் தருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அதனினும் மலிவான வழி வேறில்லை. வெறுப்புத் தோன்றினால் அதுவும் உரிய வேளையிற் கிடைத்த அறிவே. ஆனால் அதே பிள்ளை தொண்டர் ஆசிரியர் என்ற பெயரில் ஒரு தவணை கற்பிக்கத் தொடங்கி, அத்தவணை ஓராண்டாகி, ஓராண்டு ஐந்தாண்டாவதை வடக்கும் கிழக்கும் நிறையக் கண்டுள்ளன. நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில், ஊதியமின்றியோ மிகச் சிறு உதவிப் பணத்துடனோ, இளமையையே பாடசாலைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். சிலருக்கு நியமனம் வந்தது. சிலருக்கு வயதெல்லை கடந்தது. ஆகவே தொண்டர் பணியை ஏற்பவர், விண்ணப்பங்களை நிறுத்திவிடாமல் ஏற்கவேண்டும். அவரை அழைக்கும் அதிபரும், ஆசிரியர் குறையை நிரப்பும் அவசரத்திலே இதனைச் சொல்லத் தவறலாகாது.

பல்கலைக்கழக விண்ணப்பத்திலே பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதவேண்டும். பல வீடுகளில் அந்த ஒழுங்கைத் தனியார் வகுப்பாசிரியரோ, இணையக் கடையில் விண்ணப்பம் நிரப்பும் இளைஞரோ தீர்மானித்துவிடுகின்றார். முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை, சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியே பேனாவை நடத்துகிறது. வெட்டுப்புள்ளி, எந்தக் கதவு திறக்கக்கூடும் என்பதைக் காட்டும். எந்தக் கதவுக்குள் செல்லவேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. ஆசிரியராக விரும்பும் பிள்ளை, விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், ஒரு வெற்றுத் தாளில் மூன்று விடயங்களைத் தன் கைப்பட எழுதி வீட்டாருக்குக் காட்டுவது பயன்தரும்: கற்பிக்க விரும்பும் பாடம், விரும்பும் தரம், தெரிந்தெடுக்கும் வழியிற் குறைவுபடுவது பாட அறிவா, கற்பிக்கும் முறையா, அக்குறையை எங்கே, எப்போது நிரப்புவது என்பது. முல்லைத்தீவு மாணவியின் தாளில் "தமிழ்; 6 முதல் 11 வரை; பாட அறிவு; பணியேற்ற மூன்றாம் ஆண்டிலே திறந்த பல்கலைக்கழகம்" என்றிருக்கலாம். அட்டன் மாணவனின் தாளில் "இணைந்த கணிதம், 12, 13, முறை, பணியேற்றவுடன் பட்டப்பின் டிப்ளோமா" என்றிருக்கலாம். தாய் தந்தையர் அத்தாளை வாசித்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, மடித்துப் பிள்ளையின் பெறுபேற்றுப் பத்திரத்துடன் சேர்த்து வைத்தபின், விண்ணப்பம் நிரப்பும் கடைக்குச் செல்லலாம்.